ஓய்ந்து கிடக்கும் சாண எரிவாயுக் கலன்: செப்பனிடுவதும் அரசு உதவி பெறுவதும்

வைகை ஆறு தோன்றும் வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில், மூல வைகையை ஒட்டி அமைந்த ஊர் மயிலாடும்பாறை. தேனி மாவட்டத்தின் கடமலைக்குண்டு – மயிலாடும்பாறை ஊராட்சி ஒன்றியத்தில் 18 ஊராட்சிகள் அடங்கியுள்ளன. தென்னையும் இலவமும் மானாவாரிப் பயிர்களும் இப்பகுதி உழவரின் வாழ்வுக்கு ஆதாரமாக உள்ளன; அவற்றோடு மாடும் சேர்ந்தால்தான் குடும்பம் நடைபெறும். மலையும் காடும் கண்ணெதிரே நிற்பதால், அடுப்பெரிக்க என்ன செய்வது என்ற கவலை இவ்வூர்களில் முன்னாளில் பெரிதாக எழுந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. 2021 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேகமலை வனவிலங்குச் சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் ஒன்றாக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காப்பகத்துள் அனுமதியின்றி விறகு எடுப்பது சட்டப்படி குற்றமாகும். காடு காக்கப்படுவது வைகைக்கும் நல்லது. வைகையை நம்பிய ஐந்து மாவட்டங்களுக்கும் நல்லது. ஆயினும், தலையில் விறகுக் கட்டோடு மலையிறங்கி வரும் பெண்ணின் அடுப்புக்கு வேறு வழி காட்டாமல் காட்டின் கதவை மட்டும் அடைத்துவிட முடியாது. 2016 ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் கீழ் எரிவாயு அடுப்பு ஏழை இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது உண்மையே. அடுப்பு ஒரு முறை வந்தால் போதும். உருளையையோ மீண்டும் மீண்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. கையில் காசு இல்லாத மாதத்தில் விறகடுப்பே துணை.

இந்நிலையில், நம் கிராமங்களில் சில வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு பொருள் மறந்து கிடக்கிறது. முன்பு சில ஆண்டுகள் எரிந்து, பிறகு ஏதோ ஒரு பழுதால் நின்றுபோன சாண எரிவாயுக் கலனையே நாம் குறிப்பிடுகிறோம். ‘கோபர் கேஸ்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். இரும்பு மூடி துருப்பிடித்துச் சாய்ந்திருக்கும். அல்லது சாணக்குழி குப்பைக்குழியாகியிருக்கும். ‘அது செத்துப் போன சாமான்’ என்று வீட்டாரே கைவிட்டிருப்பர். எங்கள் கருத்து அதுவன்று. அவற்றுள் பலவும் சிறு செலவில் மீண்டும் எரியக்கூடியவை. அச்செலவில் ஒரு பங்கைத் தாங்கவும் அரசின் திட்டங்களில் வழி செய்யப்பட்டு வந்திருக்கிறது. புதுக் கலன் கட்ட மானியம் உண்டு என்பதை அறிந்த அளவுக்குப் பழையதைச் செப்பனிடவும் உதவி உண்டு என்பதை மக்கள் அறியவில்லை.

கொதிகலனுக்கு மானியம் தரும் நாடு

குளிர் மிகுந்த மேல்நாடுகளில் வீட்டைச் சூடாக்க வீடுதோறும் கொதிகலன் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய கொதிகலனை அகற்றி, மின்சாரத்தால் இயங்கும் வெப்ப எக்கியைப் பொருத்துவோருக்கு அரசு உதவித் தொகை வழங்குகிறது. 2023 அக்டோபரில் அத்தொகை 7,500 பவுனாக உயர்த்தப்பட்டது. அங்கே பழையதை அகற்றினால்தான் பணம். நம் நாட்டுச் சாண எரிவாயுத் திட்டத்திலோ, பழையதைக் காப்பாற்றவே பணம் ஒதுக்கப்பட்டது. இந்த வேற்றுமை கவனிக்கத்தக்கது. எளிய நாட்டுக்கு ஏற்ற ஏற்பாடும் அதுவே.

சாணத்திலிருந்து வாயு எடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஜஷ்பாய் படேல் அவர்கள் 1951 ஆம் ஆண்டையொட்டி ‘கிராமலட்சுமி’ என்னும் மிதக்கும் உருளைக் கலனை உருவாக்கினார். கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1960களின் தொடக்கத்தில் அதை ஏற்று நாடெங்கும் பரப்பியது. உத்தரப் பிரதேசத்து அஜீத்மல் ஆராய்ச்சி நிலையத்தில் 1978 இல் இரும்பு மூடியே இல்லாத ‘ஜனதா’ கலனும், 1984 இல் ‘ஆப்ரோ’ (AFPRO) அமைப்பின் முயற்சியால் அதனினும் செலவு குறைந்த, செங்கல்லால் கவிகை எழுப்பும் ‘தீனபந்து’ கலனும் தோன்றின. 1981–82 இல் மத்திய அரசு தேசிய அளவில் திட்டம் வகுத்து மானியம் வழங்கத் தொடங்கியதும் ஊருக்கு ஊர் கலன்கள் எழுந்தன. எழுந்தவற்றைக் காக்கும் வேலை அதே வேகத்தில் நடைபெறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கெட்டது எது?

அலுவலகத்துக்கு மனு எழுதுமுன், கலனில் எது கெட்டது என்பதை வீட்டாரே பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

சுடர் துள்ளித் துள்ளி எரிந்து அணைகிறதா? பெரும்பாலும் குழாயில் நீர் தேங்கியிருக்கும். வாயுவோடு வரும் ஈரம் குழாயின் தாழ்ந்த இடத்தில் நீராகி அடைத்துக்கொள்கிறது. அங்குள்ள நீர் வடி திருகைத் திறந்துவிட்டால் போதும், செலவு ஒன்றுமில்லை. இக்காரணத்தாலேயே ‘கேஸ் வரவில்லை’ என்று கைவிடப்படும் கலன்கள் உண்டு. அடுப்பின் துளைகளில் பொருக்குக் கட்டியிருந்தாலும் சுடர் வராது. சாண வாயுவில் சிறிதளவு கலந்துள்ள கந்தக வாயு உலோகத்தை அரிக்கும் இயல்புடையது. எனவே அடுப்பையும் திருகையும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிவரும். சாதாரண உருளை வாயு அடுப்பை அப்படியே இதற்கு உபயோகிக்க இயலாது; சாண வாயுவுக்குப் பெரிய துளை தேவை.

இரும்பு உருளை உள்ள கலனில் மற்றொரு சோதனை செய்யலாம். மாலையில் வாயுத் திருகை இறுக மூடி, உருளை நிற்கும் உயரத்தைச் சுண்ணாம்பால் குறித்து வைக்க வேண்டும். விடியற்காலையில் உருளை இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. மூட்டுகளிலும் உருளையின் மேற்பரப்பிலும் சவுக்கார நீரைத் தடவினால் குமிழி எழும் இடம் ஓட்டையைக் காட்டிவிடும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பது ஒருபோதும் கூடாது. உருளை இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை என்றால் கலனில் குறையில்லை. போடும் சாணம் போதவில்லை, அல்லது உள்ளே ஆடை கட்டிவிட்டது என்று பொருள். தீனபந்து கலனில் உருளை கிடையாது. அதில், வெளியேற்றும் தொட்டியின் சாணக்கரைசல் வாயு சேரச் சேர மேலேறும்; வாயு செலவாக இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே அளவுகோல்.

இரும்பு உருளைக்குத் துருவே பகை. கரைசலும் காற்றும் மாறி மாறிப் படும் விளிம்பை அது முதலில் தின்னும். ஆண்டுக்கு ஒரு முறை துருவைச் சுரண்டி வர்ணம் பூசியிருந்தால் பல ஆண்டு உழைத்திருக்கும் உருளை, பூசாத குற்றத்துக்காக விரைவில் ஓட்டையாகிறது. ஒன்றிரண்டு ஓட்டைகளை அடைத்துவிடலாம். உடலெங்கும் அரித்திருந்தால் உருளையை மாற்றுவதே மேல். துருவேறாத கண்ணாடி இழை உருளையும் கிடைக்கிறது. குழியின் சுவர் நன்றாக இருக்கும்போது முழுக் கலனையும் இடித்துப் புதிதாகக் கட்டுவது வீண் செலவு.

செங்கல் கவிகையில் விரிசல் விட்டால் வேலை சற்றுக் கடினம். குழியைக் காலி செய்து, உலரவிட்டு, பழைய பூச்சைக் கொத்தி, புதுப் பூச்சு மூன்று முறை பூச வேண்டும். எல்லாக் கொத்தனார்களுக்கும் இது கைவராது; பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாண எரிவாயு வளர்ச்சி, பயிற்சி மையம் இத்தகைய பயிற்சியை அளித்து வந்துள்ளது. விரிசலுக்கு மரவேரும் ஒரு காரணமாகலாம். கலனை ஒட்டித் தென்னங்கன்றையோ வேம்பையோ வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

குழிக்குள் இறங்கும் அபாயம்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பழைய குழிக்குள் எவரும் இறங்கலாகாது. பல ஆண்டு ஓய்ந்து கிடந்தாலும் அடியில் நச்சு வாயு தங்கியிருக்கும். மூச்சு முட்டி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டுபோன நிகழ்ச்சிகள் நாட்டில் எத்தனையோ. கரைசலை மேலிருந்தவாறே வாளியாலும் எக்கியாலும் இறைக்க வேண்டும். பின் மூடியையும் வாய்களையும் திறந்துவைத்து, காற்றூதியால் நெடுநேரம் காற்றைச் செலுத்த வேண்டும். வாயுச் சோதனைக் கருவியும், இடுப்பில் கயிறும், மேலே இருவரும் இல்லாமல் பயிற்சி பெற்ற ஆளையும் இறக்கக் கூடாது. இரும்பு உருளையைப் பற்றவைக்க வேண்டுமானால் குழியிலிருந்து அகற்றி, திறந்த வெளியில் கவிழ்க்காமல் ஒரு நாளேனும் காற்றாட வைத்த பின்னரே பற்றவைக்க வேண்டும். மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும்.

மாடு எத்தனை, சாணம் எவ்வளவு?

பழுது நீக்கப் பணம் கேட்பதற்குமுன் மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் வாயு கிடைக்க சுமார் 25 கிலோ புதுச் சாணம் தேவை. இரண்டு கன மீட்டர் கலனுக்கு 50 கிலோ. அதாவது கொட்டிலில் கட்டித் தீனி போடும் மாடுகள் நான்கைந்து இருக்க வேண்டும். அக்கலன் முழு அளவில் இயங்கினால், உருளை வாயுவில் ஏறத்தாழ 850 கிராமுக்கு ஈடான வெப்பம் நாள்தோறும் கிடைக்கும். 14.2 கிலோ உருளை ஒன்று பதினாறு பதினேழு நாளில் தீர்வதற்குச் சமம். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு இது போதும்; மிஞ்சவும் செய்யும்.

நம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலும் வழியிலும் விழுந்துவிடுகிறது. இரவில் தொழுவத்தில் விழுவது மட்டுமே கைக்கு வரும். தேனி மாவட்டத்து மலைமாடுகள் மந்தையாக மலையில் மேய்ந்து கிடையில் அடைபவை. அச்சாணம் எருவாக விலைபோகிறதேயன்றி வீட்டு அடுப்புக்கு வருவதில்லை. எனவே மேய்ச்சல் மாடு நான்கு வைத்திருப்பவர் தமக்கு இரண்டு கன மீட்டருக்குச் சாணம் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு வாரம் நாள்தோறும் சாணத்தை எடைபோட்டுப் பார்ப்பதே நேர்மையான சோதனை.

கட்டிய காலத்தில் ஆறு மாடு இருந்து, இன்று ஒரு மாடே உள்ள வீட்டில் பெரிய கலனைச் செப்பனிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மானியம் கிடைக்கிறது என்பதற்காகக் கிடைக்காத சாணத்துக்குக் கலன் வைத்து என்ன பயன்? அவ்வீட்டார் உருளை வாயுவை நம்புவதே முறை. இரண்டு மாடு உள்ளவரோ தயங்க வேண்டியதில்லை. 20 கிலோ சாணத்தில் காலைச் சமையலேனும் முடியும். சமையலறைக் கழிவு, கெட்ட காய்கறி ஆகியவற்றையும் நறுக்கிச் சேர்க்கலாம். சலவைத் தூள் கலந்த நீரும் பினாயிலும் உள்ளே போகக் கூடாது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிரை அவை கொன்றுவிடும். மண் தரையில் வழித்த சாணத்தோடு வரும் மணல் ஆண்டுக்கணக்கில் அடியில் தங்கிக் குழியின் கொள்ளளவைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உதவித் தொகையின் விதிகள்

தேசிய சாண எரிவாயு, உர மேலாண்மைத் திட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், பழுது நீக்கத்துக்கு இவ்வாறு விதி செய்யப்பட்டிருந்தது: கலன் கட்டி ஐந்து ஆண்டேனும் ஆகியிருக்க வேண்டும், கட்டுமானப் பழுதால் இயங்காமல் இருக்க வேண்டும், அப்படியானால், அந்த அளவுக் கலனைப் புதிதாகக் கட்ட வழங்கும் மத்திய மானியத்தில் பாதி வரை பழுது நீக்க வழங்கப்படும். அத்திட்டத்தின் பிற்பகுதியில் இரண்டு முதல் ஆறு கன மீட்டர் வரையான கலனுக்குப் பொதுப் பிரிவினருக்கு ரூ. 9,000 மானியம் இருந்தது. பழுது நீக்கத்துக்கு ரூ. 4,500 வரை என்று ஆயிற்று.

ஐந்து ஆண்டு என்பது ஏன்? கலனை முழுப் பொறுப்பேற்றுக் கட்டித் தருபவருக்கு அரசு தனியாக ஒரு கட்டணம் வழங்கிற்று. அதைப் பெற்றவர் ஐந்து ஆண்டுகள் வரை இலவசமாகப் பராமரித்துத் தரக் கடமைப்பட்டவர். ஐந்து ஆண்டுக்குள் கெட்டால் கட்டியவர் பொறுப்பு; அதற்குப் பின் கெட்டால் அரசு பாதி கொடுக்கும். இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காண்க. பயனாளிகளில் பெரும்பாலோர் இந்த ஐந்தாண்டுப் பொறுப்பைக் கேட்டுப் பெறுவதே இல்லை. கட்டியவர் யார், என்று கட்டினார் என்ற தாள் வீட்டில் இருப்பதில்லை. இனிப் புதுக் கலன் கட்டுவோர் அத்தாளை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

2018 இல் அத்திட்டம் புதிய பெயர் பெற்றது; பிறகு 2022 நவம்பரில் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2021–22 முதல் 2025–26 வரையான அதன் முதற்கட்டத்துக்கு ரூ. 858 கோடி ஒதுக்கப்பட்டு, அதில் ரூ. 100 கோடி சாண எரிவாயுவுக்கென வைக்கப்பட்டது. அக்கட்டத்தில் கலனின் அளவைப் பொறுத்து ரூ. 9,800 முதல் ரூ. 70,400 வரை மத்திய உதவி நிர்ணயிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு உயர்ந்த வீதம் உண்டு. தொகைகளும் விதிகளும் கட்டத்துக்குக் கட்டம் மாறுவன. ஆதலின், நடப்பு ஆண்டின் சுற்றறிக்கையில் ‘பழுது நீக்கம்’ என்ற தலைப்பு உள்ளதா, இல்லையேல் புதுக் கலன் மட்டும்தானா என்பதை ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நேரில் கேட்டறிவதே முதல் வேலை. ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கிவிட்டால் பணம் கிடைப்பது அரிது. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்று, மாடுகளின் எண்ணிக்கை, பழுதான கலனின் புகைப்படம், கொத்தனார் எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீடு ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுதல் நலம். பணம் வங்கிக் கணக்கில் நேரே சேரும்; இடையில் எவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

ஊராட்சி செய்யத்தக்கது

தனி ஒருவர் ஒரு கலனுக்காக ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தால் அலைச்சலே மிஞ்சும். பத்துக் கலன்களின் பட்டியலோடு ஊராட்சி சென்றால் பேச்சே வேறு. எத்தனை கலன் கட்டினோம் என்ற கணக்கை மேலிடம் வைத்திருக்கிறது. எத்தனை எரிகின்றன என்ற கணக்கை ஊரில் உள்ளவர்தாம் வைக்க முடியும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் உள்ள கலன்களைப் பார்த்து, கட்டிய ஆண்டு, அளவு, பழுது, இன்றுள்ள மாடுகள் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுத இரண்டு நாள் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாள்களில் ஒன்றில் அப்பட்டியலை வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம். பத்து வேலை ஒன்றாகச் சேர்ந்தால் பயிற்சி பெற்ற கொத்தனாரும் தொலைவிலிருந்து வர இசைவார். ஒரு வேலைக்கு வரமாட்டார்.

நேபாளத்தில் 1992 இல் தொடங்கிய சாண எரிவாயுத் திட்டத்தில், கட்டிய நிறுவனமே பின்னரும் வந்து பார்த்தாக வேண்டும் என்றும், தரம் குறைந்தால் தண்டனை உண்டு என்றும் விதித்தனர். மானியம் நம்முடையதைப் போன்றதே, பின்காப்புத்தான் வேறு. அங்குக் கலன்கள் நெடுநாள் எரிவதற்கு அதுவே பெருங்காரணம் என்பது எங்கள் எண்ணம்.

கலன் எரியத் தொடங்கினால் அடுப்பு மட்டுமன்று, வயலும் பயன்பெறும். வறட்டியாக எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் இட்டால் வாயு மட்டும் பிரிந்து, கரைசலில் சத்து தங்கும். களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத் திறன் இழக்கும். தென்னம்பாத்திக்கு அதை நேராகவே ஊற்றலாம்.

செப்பனிட்ட கலனில் சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து நிரப்பினால், இரண்டு மூன்று வாரத்தில் வாயு சேரும். மலையோரத்து மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் ஆகலாம்; வெயிலில் வைத்த நீரால் கரைத்தால் விரைவுபடும். முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருப்பதால் அதைக் கொளுத்தாமல், அருகில் தீ எதுவும் இல்லாத வேளையில் முழுவதும் வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாம் முறை சேர்ந்ததை அடுப்பில் பற்றவைக்கலாம். சுடர் நீலமாக, புகையின்றி எரிந்தால் வேலை சரி. அந்த நாளை ஊராட்சிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த பங்குனியில் எந்த வீட்டு உருளைக்கு வர்ணம் பூச வேண்டும் என்பதை அதிலிருந்தே எடுத்துச் சொல்லலாம்.